கர்ப்பிணி நடக்கணுமா, படுக்கணுமா? ஒரு பழைய கேள்வியின் வரலாறு

1/
கர்ப்பம் உறுதியானதும் நம் வீடுகளில் முதலில் வரும் உத்தரவு, "குனியாதே, மாடி ஏறாதே, போய்ப் படு."

அதே வீட்டில் எட்டாம் மாதம் பிறந்ததும் உத்தரவு தலைகீழாக மாறும். "சும்மா உட்காராதே, குனிஞ்சு வீட்டைப் பெருக்கு, அப்பதான் சுகப்பிரசவம் ஆகும்."

ரெண்டில் எது சரி?

இந்தக் குழப்பத்தை நம்ம வீட்டுப் பெரியவர்கள் உண்டாக்கவில்லை. மருத்துவ உலகமே 2300 வருடமாக இந்த விஷயத்தில் மாறி மாறிப் பேசியிருக்கிறது. அந்தக் கதையைத்தான் இந்த நீண்ட இழையில் பார்க்கப் போகிறோம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவசியம் படியுங்கள்.

2/
முதலில் கிரேக்கம். கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் "அரசியல்" என்ற தன் நூலில் கர்ப்பிணிகளைப் பற்றி ஒரு பத்தி எழுதுகிறார். கர்ப்பிணிகள் உடலைச் சோம்பலாக வைத்திருக்கக் கூடாது, சத்தாகச் சாப்பிட வேண்டும், மனதை மட்டும் அமைதியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார்.

நடக்க வைப்பதற்கு அவர் சொல்லும் வழிதான் அருமை. பிரசவத்தைக் காக்கும் தெய்வங்களின் கோயிலுக்குக் கர்ப்பிணிகள் தினமும் போய்வர வேண்டும் என்று சட்டம் போடச் சொல்கிறார்!

"வாக்கிங் போம்மா" என்றால் போக மாட்டார்கள். "கோயிலுக்குப் போயிட்டு வா" என்றால் போவார்கள். மனுசனுக்கு மனிதர்களைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

3/
கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் மருத்துவம் பார்த்த சொரானஸ், மகளிர் மருத்துவத்துக்கென்றே ஒரு நூல் எழுதினார். கர்ப்ப காலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். கரு தங்கிய புதிதில் ஓய்வு, குதிக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. பிறகு மிதமான நடை.

நம் நாட்டின் சரகரும் சுஸ்ருதரும் எச்சரிக்கைப் பக்கம் நின்றார்கள். அளவு மீறிய உடலுழைப்பு, குலுங்கும் வண்டியில் பயணம், கரடுமுரடான இடத்தில் உட்காருவது எல்லாம் கருவுக்கு ஆகாது என்று பட்டியல் போட்டார்கள்.

இன்றைய அறிவோடு பார்த்தாலும் இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இவர்கள் யாருமே எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை. பார்த்ததை வைத்துச் சொன்னார்கள்.

4/
பார்த்ததை வைத்துச் சொல்வதில் என்ன சிக்கல்? ஒரு உதாரணம்.

பைபிளின் யாத்திராகமத்தில் எகிப்து மன்னன் பார்வோன், எபிரேய ஆண் குழந்தைகளைப் பிறந்ததும் கொன்றுவிடும்படி மருத்துவச்சிகளுக்கு உத்தரவிடுகிறான். அவர்கள் செய்யவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "எபிரேயப் பெண்கள் பலசாலிகள், நாங்கள் போய்ச் சேரும் முன்பே பெற்றுவிடுகிறார்கள்" என்கிறார்கள்.

உழைக்கும் பெண்ணுக்குப் பிரசவம் சுலபம் என்பதற்கு மிகப் பழைய சாட்சியாக இந்த வரியை ஆய்வுக் கட்டுரைகளில்கூடக் காட்டுகிறார்கள். ஆனால் கதையைக் கவனியுங்கள். குழந்தைகளைக் காப்பாற்ற மருத்துவச்சிகள் மன்னனிடம் சொன்ன சமாளிப்பு அது!

5/
நம்ம ஊர் வடிவமும் இருக்கிறது. "எங்க பாட்டி நாத்து நட்டுக்கிட்டு இருந்தவ, வலி வந்ததும் வரப்புல போய்ப் பெத்துட்டு, பொழுது சாய வீட்டுக்கு வந்தா."

உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இந்தக் கதை நம்மிடம் வந்து சேர வேண்டுமென்றால் அந்தப் பாட்டி உயிரோடு வீடு திரும்பியிருக்க வேண்டும். அதே வரப்பில் ரத்தப்போக்கில் இறந்துபோன பெண்ணின் கதையைச் சொல்ல யாரும் இல்லை. பேரப்பிள்ளைகளே இல்லையே, யார் சொல்வார்கள்?

பிழைத்தவர்களை மட்டும் பார்த்து முடிவெடுப்பது மருத்துவத்தின் பழைய நோய். அதனால்தான் எண்ண வேண்டும். வெற்றிக்கதைகளையும் தோல்விக்கதைகளையும் சேர்த்து எண்ண வேண்டும்.

6/
ஐரோப்பாவில் 1788-இல் லீட்ஸ் நகரத்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் லூகாஸ், கர்ப்பிணி உடற்பயிற்சி செய்தால் பிரசவம் சுலபமாகும் என்று லண்டன் மருத்துவச் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். ஆனால் வசதியான வீடுகளின் வழக்கம் வேறாக இருந்தது. பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் பெண் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் பிரசவத்துக்கே "கன்ஃபைன்மென்ட்" என்றொரு பெயர் உண்டு. அடைத்து வைத்தல் என்று அர்த்தம். அந்தச் சொல் இன்றும் சாகவில்லை. பழைய மகப்பேறுச் சீட்டுகளில் "ஈ.டி.சி." என்று ஒரு கட்டம் இருக்கும். எக்ஸ்பெக்டட் டேட் ஆஃப் கன்ஃபைன்மென்ட். குழந்தை பிறக்கும் நாளுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர், அடைபடும் நாள்!

7/
இனிதான் கதையின் முக்கியமான ஆள் வருகிறார். அடோல்ஃப் பினார், பாரிஸ் நகரத்து மகப்பேறு மருத்துவர்.

ஸ்கேனும் டாப்ளரும் வரும் முன், கர்ப்பிணி வயிற்றில் சின்ன ஊதுகுழல் மாதிரி ஒன்றை வைத்துக் காதால் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்பார்களே, பார்த்திருக்கிறீர்களா? அது பினார் பெயரில் உள்ள கருவி.

1895-இல் அவர் ஒரு ஆய்வை வெளியிட்டார். அன்றைய பாரிஸில் ஏழைப் பெண்கள் வலி எடுக்கும் வரை நின்றுகொண்டே வேலை பார்த்தார்கள். அதே சமயம், போக்கிடம் இல்லாத கர்ப்பிணிகளுக்காக நகரத்தில் சில காப்பகங்கள் தொடங்கப்பட்டிருந்தன. அங்கே வந்த பெண்கள் கடைசி நாட்களில் வேலை செய்யாமல் இருந்தார்கள்.

பினார் இரண்டு தரப்புக் குழந்தைகளையும் தராசில் வைத்தார்.

8/
காப்பகத்தில் ஓய்வெடுத்த பெண்களின் குழந்தைகள், கடைசி நாள் வரை உழைத்த பெண்களின் குழந்தைகளைவிடச் சராசரியாகச் சுமார் 300 கிராம் கூடுதல் எடையோடு பிறந்திருந்தார்கள். உழைத்தவர்களுக்கு மாதம் நிறைவதற்கு முன்பே பிரசவமாவது அதிகம் என்பது பினாரின் முடிவு.

இன்றைய கண்ணோடு பார்த்தால் இந்த ஆய்வில் ஓட்டைகள் இருக்கின்றன. காப்பகத்தில் ஓய்வு மட்டுமா கிடைத்தது? வேளாவேளைக்குச் சாப்பாடும் கிடைத்தது. எடை கூடியது ஓய்வாலா, சோற்றாலா?

ஆனாலும் "பார்த்தேன்" என்பதிலிருந்து "எண்ணினேன், எடை போட்டேன்" என்ற இடத்துக்குக் கர்ப்பகால உழைப்பு பற்றிய பேச்சு நகர்ந்தது. அது பெரிய பாய்ச்சல்.

9/
எண்களுக்குச் சட்டத்தை அசைக்கும் சக்தி உண்டு. பிரான்சில் 1909-இல் பிரசவத்துக்காக 8 வாரம் விடுப்பு எடுக்கும் பெண்ணை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. 1913-இல் ஓய்வுக்கு உதவித்தொகையும் வந்தது. 1919-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் மாநாட்டிலேயே பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாக 12 வார விடுப்பு என்ற உடன்படிக்கையைக் கொண்டுவந்தது.

இந்தியாவில் 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதா விவாதத்துக்கு வந்தபோது ஆதரித்துப் பேசியவர்களில் ஒருவர் அண்ணல் அம்பேத்கர். பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கானது, அதன் செலவை முதலாளியும் அரசும் ஏற்கத்தான் வேண்டும் என்பது அவர் வாதம். 1929-இல் அது சட்டமானது. ஆலையில் நின்று வேலை செய்த பெண்ணுக்காக வந்த சட்டம்.

10/
அதே 1928. அதே இந்தியா. ஆனால் வேறு ஒரு பெண்.

காத்லீன் வாகன் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் காஷ்மீரின் ஸ்ரீநகரில் மகளிர் மருத்துவமனையில் பணியாற்றியவர். அவரிடம் வந்த பல பெண்களுக்கு இடுப்பெலும்பு நசுங்கி, குழந்தை வரும் பாதையே அடைபட்டிருந்தது. தாயும் குழந்தையும் சேர்ந்து சாகிற நிலைமை. எலும்பு மெலிவு நோய், மருத்துவத்தில் ஆஸ்டியோமலேசியா.

யாருக்கு இது வந்தது? நகரத்து வீடுகளில், திரைக்குப் பின்னால், வெயில் படாமல் வாழ்ந்த பெண்களுக்கு. ஏரியில் படகு வலிக்கும் குடும்பத்துப் பெண்களுக்கும் வயலில் வேலை செய்த பெண்களுக்கும் இந்த நோய் இல்லை, பிரசவமும் சுலபமாக இருந்தது என்று வாகன் கவனித்தார். அடைபட்ட வாழ்க்கை தாய்மையை என்ன செய்கிறது என்று அவர் எழுதிய நூல் 1928-இல் வெளிவந்தது.

11/
இதன் பின்னால் உள்ள அறிவியலைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வெயில் தோலில் பட்டால்தான் உடல் வைட்டமின் டி தயாரிக்கும். வைட்டமின் டி இருந்தால்தான் குடல் கால்சியத்தை உறிஞ்சும். கால்சியம் போதவில்லை என்றால் எலும்பு மெதுமெதுப்பாகும். அந்த இடுப்பெலும்பின் மேல் உடல் எடை அழுத்த அழுத்த, வட்டமாக இருக்க வேண்டிய வாசல் நசுங்கிப் போகும். ஒவ்வொரு கர்ப்பமும் தாயின் கால்சியத்தை மேலும் இழுக்கும். முதல் குழந்தை எப்படியோ பிறந்துவிடும், நாலாவது மாட்டிக்கொள்ளும்.

ஆக, படகுக்காரப் பெண்ணைக் காப்பாற்றியது துடுப்பு வலித்த உடற்பயிற்சி மட்டும் இல்லீங்க. அவள் மேல் பட்ட வெயிலும்தான். ஒன்று மட்டும் உறுதி. அறைக்குள் அடைத்து வைத்த "பாதுகாப்பு" அந்த நகரத்துப் பெண்களைக் கொன்றது.

12/
இப்போது அந்த 1928-ஐ நிறுத்திப் பாருங்கள்.

பம்பாயில் ஒரு பெண். அவளுக்குத் தேவை ஓய்வு. கிடைக்கவில்லை.
ஸ்ரீநகரில் ஒரு பெண். அவளுக்குத் தேவை நடையும் வெயிலும். கிடைக்கவில்லை.

"கர்ப்பிணிக்கு ஓய்வு நல்லதா, அசைவு நல்லதா?" என்ற கேள்வியே பாதிக் கேள்விதான். எந்தக் கர்ப்பிணிக்கு என்று கேட்டால்தான் அது முழுமையாகும்.

இந்த இழையில் நான் சொல்ல வந்தது இதுதான். மீதி வரலாறு முழுக்க, ஒருத்திக்கு எழுதிய மருந்துச்சீட்டை இன்னொருத்தி கையில் கொடுத்த கதை.

13/
1930களில் இங்கிலாந்தில் கர்ப்பிணிகளுக்கான பயிற்சிகள் முறையாகத் தொடங்கின. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் மின்னி ரேண்டலும் நடனக் கலைஞர் மார்கரெட் மாரிஸும் சேர்ந்து 1936-இல் மகப்பேறுக்கான பயிற்சிகளை நூலாகவே கொண்டுவந்தார்கள். 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை எழுதினார். இன்று "கெகல்" என்று சொல்கிறோமே, அவர் பெயர்தான்.

இரண்டாம் உலகப் போரில் மருத்துவமனைப் படுக்கைகளுக்குத் தட்டுப்பாடு வந்ததும் உதவியது. அதுவரை பிரசவித்த பெண்ணை 10 நாள், 14 நாள் படுக்கையிலேயே வைத்திருப்பார்கள். இடமில்லாததால் சீக்கிரம் எழுப்பி நடக்க வைத்தார்கள். பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. பெண்கள் சீக்கிரமாகத் தேறினார்கள்.

14/
1949-இல் அமெரிக்க அரசின் குழந்தைகள் நலத்துறை கர்ப்பிணிகளுக்கு ஆலோசனை வெளியிட்டது. சிக்கல் இல்லாத கர்ப்பிணி வீட்டு வேலை செய்யலாம், தோட்ட வேலை செய்யலாம், தினமும் ஒரு மைல் வரை இடையிடையே ஓய்வெடுத்து நடக்கலாம், எப்போதாவது நீந்தலாம். விளையாட்டு மட்டும் கூடாது.

நன்றாகக் கவனியுங்கள். தரையைத் துடைத்தால் கருவுக்கு ஆபத்தில்லை, பந்தை அடித்தால் ஆபத்து! உடலுக்கு இந்த வித்தியாசம் தெரியுமா? இது மருத்துவக் கணக்கு அல்ல, பெண் என்ன செய்யலாம் என்ற சமூகக் கணக்கு.

மூன்றே வருடம் கழித்து, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ஜூனோ இர்வின் மூன்றரை மாதக் கர்ப்பத்தோடு 10 மீட்டர் மேடையிலிருந்து நீரில் பாய்ந்து வெண்கலம் வென்றார்.

(உடனே கிணற்றில் குதிக்கக் கிளம்பிடாதீங்க. அவர் பல வருடம் பயிற்சி எடுத்த வீராங்கனை.)

15/
1970களிலும் 80களிலும் அமெரிக்காவில் ஓட்டமும் ஏரோபிக்ஸும் அலையாக அடித்தன. 1982-இல் ஜேன் ஃபாண்டாவின் உடற்பயிற்சி வீடியோ வீடு வீடாகப் போனது. கர்ப்பிணிகளும் ஆடத் தொடங்கினார்கள். மருத்துவர்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது. மூன்று பயங்கள்.

ஒன்று, ரத்தம். ஓடும்போது ரத்தம் கால் தசைக்குப் போகும். கர்ப்பப்பைக்குக் குறையுமே?

இரண்டு, வெப்பம். கினிப் பன்றிகளில் தாயின் உடல் சூடு ரொம்ப ஏறினால் குட்டிகளுக்குப் பிறவிக் குறைபாடு வருவதை ஆஸ்திரேலியாவில் மார்ஷல் எட்வர்ட்ஸ் காட்டியிருந்தார்.

மூன்று, குலுக்கலில் குறைமாதப் பிரசவம் ஆகிவிடுமோ?

பயங்கள் நியாயமானவை. ஆனால் பதில் சொல்லும் அளவுக்கு மனிதக் கர்ப்பிணிகளிடம் ஆய்வுகள் அப்போது இல்லை.

16/
1985-இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு விதிகளை அறிவித்தது. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 140-ஐத் தாண்டக் கூடாது. கடினமான பயிற்சி 15 நிமிடத்துக்கு மேல் கூடாது. உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. நான்காம் மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துச் செய்யக் கூடாது.

140 என்ற எண் எங்கிருந்து வந்தது? ஆய்வகத்திலிருந்து அல்ல. தெரியாத இடத்தில் தப்பு நடந்துவிடக் கூடாதே என்று நிபுணர்கள் உட்கார்ந்து போட்ட வேலி அது. அதில் குற்றமும் இல்லை.

சிக்கல் என்னவென்றால், வேலி போடுவது சுலபம், எடுப்பதுதான் கஷ்டம். 1994-இல் அதே அமைப்பு அந்த 140 வரம்பை விலக்கிக்கொண்டது. ஆனால் ஜிம்களிலும் பத்திரிகைகளிலும் அந்த எண் பல வருடம் உலாவிக்கொண்டே இருந்தது.

17/
இடையில் வேலியைத் தாண்டி எட்டிப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் கிளாப். அமெரிக்காவின் வெர்மான்ட்டிலும் பிறகு கிளீவ்லாந்திலும் பணியாற்றிய மருத்துவர். ஓட்டம், ஏரோபிக்ஸ் பழகிய பெண்களைக் கருத்தரிக்கும் முன்பிருந்தே பின்தொடர்ந்தார். 1990-இல் வந்த அவர் ஆய்வில் 131 பெண்கள். 87 பேர் கர்ப்பத்திலும் பயிற்சியைத் தொடர்ந்தார்கள். 44 பேர் நிறுத்திவிட்டார்கள்.

குறைமாதப் பிரசவம் இரு தரப்பிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தொடர்ந்தவர்களில் சிசேரியன் 6 சதவீதம், நிறுத்தியவர்களில் 30 சதவீதம். பிரசவ வலி நீடித்த நேரமும் தொடர்ந்தவர்களுக்குக் குறைவு. குழந்தைகளின் எடை சற்றுக் குறைந்திருந்தது, அதில் பெரும்பங்கு கொழுப்பு.

இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். யார் தொடர்வது, யார் நிறுத்துவது என்று அந்தப் பெண்களே முடிவு செய்தார்கள். உடல் ஒத்துழைத்தவர்கள் தொடர்ந்திருக்கலாம். பினாருக்குச் சொன்ன அதே எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

18/
சரி, அந்தப் பயங்கள் என்ன ஆயின?

கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. பயிற்சியின்போது கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தம் கொஞ்சம் குறைந்தாலும், கிடைக்கும் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனைக் கூடுதலாக எடுத்து நஞ்சுக்கொடி ஈடுகட்டுகிறது. ஆரம்பத்திலிருந்தே மிதமாகப் பயிற்சி செய்பவர்களிடம் நஞ்சுக்கொடியே நன்றாக வளர்வதைக் கிளாப் குழு கண்டது.

வெப்பம்? கர்ப்பிணிக்குச் சீக்கிரமே வியர்க்கும், தோலுக்கு ரத்த ஓட்டம் கூடும், சூடு வெளியேறும். மிதமான பயிற்சியில் ஆபத்தான சூடு ஏறுவதில்லை. (உச்சி வெயிலில் நடப்பது வேறு விஷயம். அது வேண்டாம்.)

பல கோடி வருடப் பரிணாமம், அசையும் உடலுக்குள்தான் கருவை வளர்க்கப் பழக்கியிருக்கிறது.

19/
பிறகு ஆய்வுகள் குவிந்தன, சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி பெண்களை இரு குழுவாகப் பிரித்துச் செய்த நல்ல ஆய்வுகளும் உட்பட. 2002-இல் அமெரிக்க அமைப்பு, சிக்கல் இல்லாத கர்ப்பிணிகள் பெரும்பாலான நாட்களில் 30 நிமிடம் மிதமான பயிற்சி செய்யலாம் என்றது. 1985-இல் "அளவோடு" என்றவர்கள், இப்போது "செய்யுங்கள்" என்றார்கள்.

2018-இல் கனடா ஆய்வாளர்கள் உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்தார்கள். கர்ப்பகாலச் சர்க்கரை நோய், கர்ப்பகால ரத்த அழுத்தம், அதன் முற்றிய வடிவமான ப்ரீ-எக்ளாம்ப்சியா மூன்றுக்கும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் குறைகிறது என்று கண்டார்கள். அளவுக்கு மீறிப் பெரிய குழந்தை பிறப்பதும் குறைகிறது. கருச்சிதைவோ குறைமாதப் பிரசவமோ கூடவில்லை.

2020-இல் உலக சுகாதார நிறுவனமும் தன் உடலியக்க வழிகாட்டியில் கர்ப்பிணிகளைச் சேர்த்தது. வாரம் 150 நிமிடம்.

20/
சர்க்கரை விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நமக்கு இது வீட்டுப் பிரச்சனை.

நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை மந்தப்படுத்தும். குழந்தைக்குச் சர்க்கரை போய்ச் சேர வேண்டும் என்பதற்காக உடல் செய்யும் ஏற்பாடு. சிலருக்கு இது எல்லை மீறும். அதுதான் கர்ப்பகாலச் சர்க்கரை நோய். தசைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அசையும் தசை இன்சுலின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்ட பின் 15 நிமிட நடை ஏன் வேலை செய்கிறது என்று இப்போது புரிகிறதா?

75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்க வைத்து 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்களே, அந்த ஒரே கட்டப் பரிசோதனையை இந்தியா முழுக்கக் கொண்டுசென்றதில் சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவின் பங்கு பெரிது. அவர் பிறந்த நாளான மார்ச் 10 இந்தியாவில் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாள்.

21/
அப்ப "பெட் ரெஸ்ட்"?

குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கும் என்று நம்பிப் பல தலைமுறைகளாக எழுதிக் கொடுக்கப்பட்டது. எண்ணிப் பார்த்தபோது தடுப்பதற்கான ஆதாரம் கிடைக்கவில்லை. பாதிப்புகள் கிடைத்தன. தசை கரைகிறது, எலும்பு அடர்த்தி குறைகிறது, மனம் சோர்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக ரத்தக்கட்டு. கர்ப்பத்தில் கால் நரம்பில் ரத்தம் உறையும் ஆபத்து மற்ற நேரத்தைவிட 4, 5 மடங்கு. படுத்தே கிடந்தால் இன்னும் கூடும்.

சில குறிப்பிட்ட நிலைகளில் உங்கள் மருத்துவர் ஓய்வு சொல்வார். அதை மீற வேண்டாம். நான் சொல்வது, எந்தக் காரணமும் இல்லாமல் "மாசமா இருக்கா, படுக்கட்டும்" என்று வீடு எழுதிக் கொடுக்கும் பெட் ரெஸ்ட் பற்றி.

22/
இப்போ மறுபடி அந்த இரண்டு பெண்கள். 1928-இல் விட்டுவிட்டு வந்தோமே, அவர்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள்.

ஒருத்தி நாள் முழுக்க நாற்காலியில் வேலை பார்க்கிறாள். கர்ப்பம் என்றதும் வீட்டில் தண்ணீர் டம்ளரைக்கூடக் கைக்குக் கொண்டுவந்து தருகிறார்கள். ஏழாம் மாதம் சர்க்கரை ஏறி நிற்கிறது.

இன்னொருத்தி சித்தாள். தலையில் செங்கல், காலடியில் சாரம், உச்சி வெயில். "நல்லா வேலை செய்றா, சுகப்பிரசவம் ஆயிடும்" என்று ஊர் சொல்கிறது. அவள் செய்வது உடற்பயிற்சி அல்ல. நினைத்தபோது நிறுத்த முடிவதுதான் உடற்பயிற்சி. தாகம் எடுத்தால் தண்ணீர் குடிக்க முடிய வேண்டும், முடியாத அன்று லீவு போட முடிய வேண்டும். இவளால் முடியாது. பாரம் தூக்குவதும் நெடுநேரம் நிற்பதும் குறைமாதப் பிரசவத்தோடும் எடை குறைந்த குழந்தையோடும் தொடர்புள்ளவை என்று இன்றைய ஆய்வுகளும் சொல்கின்றன.

23/
இந்த இரண்டாவது பெண்ணுக்காகத்தான் சட்டமும் திட்டமும். மகப்பேறு நலச் சட்டப்படி, பிரசவத் தேதிக்கு முந்தைய 6 வாரத்துக்கும் முன்னால் வரும் ஒரு மாதத்தில், அவள் கேட்டுக்கொண்டால் கடினமான வேலையோ நெடுநேரம் நிற்கும் வேலையோ கொடுக்கக் கூடாது. பலருக்கு இது தெரியவே தெரியாது. கேளுங்கள், அது உங்கள் உரிமை.

சித்தாளுக்கு அந்தச் சட்டம் பெரும்பாலும் எட்டுவதில்லை. அவளுக்குத் தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கிறது. பண உதவியும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக மொத்தம் 18,000 ரூபாய். இலவசம் என்று கேலி பேசுபவர்களுக்கு ஒரு வார்த்தை. இழந்த கூலியை ஈடுகட்டி, அவளைக் கொஞ்ச நாள் உட்கார வைத்துச் சாப்பிட வைப்பதுதான் அதன் நோக்கம். பினாரின் தராசு காட்டிய அதே பாடம்.

24/
சரி டாக்டர், நாங்க என்ன செய்யணும்?

சிக்கல் இல்லாத கர்ப்பம் என்று உங்கள் மருத்துவர் சொல்லிவிட்டால்,
– தினமும் 30 நிமிடம், வாரம் 5 நாள் நடை. ஒரே மூச்சில் முடியாவிட்டால் 10, 10 நிமிடமாக மூன்று தடவை.
– இதுவரை நடந்தே பழக்கம் இல்லையா? 5 நிமிடத்தில் தொடங்குங்கள்.
– வேகம் எவ்வளவு? நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம்.
– காலை அல்லது மாலை. தண்ணீர் பாட்டில் கையில். வழுக்காத செருப்பு.
– கெகல் பயிற்சியைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.
– கீழே விழ வாய்ப்புள்ளது, வயிற்றில் அடிபட வாய்ப்புள்ளது, ரொம்பச் சூடான அறையில் செய்வது, நெடுநேரம் மல்லாந்து படுத்துச் செய்வது வேண்டாம்.

25/
யார் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது?

இதய, நுரையீரல் நோய் உள்ளவர்கள், கடுமையான ரத்தசோகை, நஞ்சுக்கொடி கீழிறங்கி இருப்பவர்கள், கர்ப்பப்பை வாய் பலவீனம் அல்லது தையல் போட்டவர்கள், ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைந்தவர்கள், ப்ரீ-எக்ளாம்ப்சியா, இரட்டைக் கர்ப்பம், குறைமாதப் பிரசவ ஆபத்து உள்ளவர்கள்.

நடக்கும்போது ரத்தக்கசிவு, நீர்க்கசிவு, நெஞ்சுவலி, தலைசுற்றல், கடும் தலைவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கெண்டைக்காலில் வலியோ வீக்கமோ, விட்டு விட்டு வயிற்று இறுக்கம், குழந்தை அசைவு குறைதல், எது வந்தாலும் நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

26/
கடைசியாக ஒன்று. "நடந்தேன், குனிந்தேன், எல்லாம் செய்தேன், ஆனாலும் சிசேரியன் ஆயிடுச்சே" என்று குற்ற உணர்வோடு இருக்கும் தாய்மார்களுக்கு.

உடற்பயிற்சி ஆபத்தைக் குறைக்கும், உத்தரவாதம் தராது. குழந்தை படுத்திருக்கும் விதம், அதன் அளவு, நஞ்சுக்கொடி இருக்கும் இடம் எதுவும் உங்கள் நடையில் இல்லை. சிசேரியன் உங்கள் தோல்வி கிடையாது. "வீட்டைப் பெருக்காததால்தான்" என்று யார் சொன்னாலும் இந்த இழையைக் காட்டுங்கள்.

கணவர்மார்களே, மாமியார்களே, "போய் நட" என்று சொல்லிவிட்டு டி.வி. முன் உட்காராமல் கூடவே நடங்கள். நடை உங்களுக்கும் நல்லதுதான். வீட்டுக்குப் பக்கத்தில் கட்டிட வேலை நடந்து, அங்கே வயிற்றோடு ஒரு பெண் கல் சுமந்தால், நிதியுதவித் திட்டத்தைப் பற்றி அவளிடம் சொல்லுங்கள். கிராம சுகாதார செவிலியரிடமோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவு செய்யச் சொல்லுங்கள்.

பயனுள்ளதாக இருந்தால் பகிருங்கள். சந்தேகங்களைக் கீழே கேளுங்கள், முடிந்தவரை பதில் சொல்கிறேன்.